கீழே வைத்த பறையும் கைப்பேசிப் பாட்டும்



நினைவுப் பேருரையை மறைந்தவரின் புகழோடு தொடங்குவது வழக்கம். இன்று யாருடைய நினைவில் கூடியிருக்கிறோமோ அவருக்குப் புகழுரை பிடிக்காது. மேடையில் யாராவது இரண்டு வாக்கியத்துக்கு மேல் தன்னைப் புகழ்ந்தால் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுவார். ஆகவே நேரே செய்திக்கு வருகிறோம்.

கீழ்வேளூர் பக்கத்துச் சேரி ஒன்றில் நாங்கள் மாலைப் பள்ளி நடத்துகிறோம். சென்ற தை மாதம் ஒருநாள் பாடம் முடிந்த பிறகு, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'எஞ்சாயி எஞ்சாமி'யில் தொடங்கியது. அது முடிந்ததும் யூடியூப் தானாகவே 'கர்ணன்' படத்தின் 'கண்டா வரச்சொல்லுங்க' பாட்டுக்குத் தாவியது. அதன்பிறகு அவள் எதையும் தேடவில்லை. பழைய ஒலிப்பதிவு ஒன்று ஓடத் தொடங்கியது. இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண்குரல், பின்னால் பறை. பாட்டு 'மனுசங்கடா'. பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "இது எந்தப் படம் சார்?" என்றாள்.

நாங்கள் பதில் சொல்வதற்குள் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் குரல் கொடுத்தார். "அத நிறுத்து ஆயி. அந்த அடிய நாங்க வுட்டு முப்பது வருசத்துக்கு மேல ஆவுது."

இந்தப் பேருரை அந்தப் பிள்ளையின் கேள்விக்கும் அந்தப் பெரியவரின் அதட்டலுக்கும் இடையில் இருக்கிற வரலாற்றைப் பற்றியது. முந்தைய தலைமுறைகளின் பாட்டு இன்று நம் பிள்ளைகளுக்கு இணையத்தின் வழியே வந்து சேர்கிறது. பாட்டு வருகிறது, சரி. அந்தப் பாட்டை ஏன் பாடினார்கள், பறையை ஏன் அடித்தார்கள், பிறகு ஏன் கீழே வைத்தார்கள் என்பது வருகிறதா?

பிள்ளையின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தப் பாட்டு எந்தப் படத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல. அந்தப் பெயரில் 2017இல் அம்ஷன் குமார் ஒரு படம் எடுத்தார், இறந்த தந்தையின் உடலைப் பொதுப்பாதையில் கொண்டுபோகப் போராடும் தலித் இளைஞனின் கதை. பாட்டு அதைவிடப் பல பத்தாண்டுகள் மூத்தது. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் சாகுல் அமீது என்ற பெயரில் பிறந்தவர். வெண்மணியின் கொதிப்பிலிருந்து எழுந்ததாக அறியப்படும் அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டு மேடைகள்தோறும் எடுத்துச்சென்ற குரல் முனைவர் கே.ஏ. குணசேகரனுடையது. மாரந்தையில் பிறந்து, 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவர், 'பலியாடுகள்' நாடகத்தையும் 'வடு' என்ற தன்வரலாற்றையும் எழுதியவர். 2016இல் ஜனவரியில் குணசேகரன் போனார், டிசம்பரில் இன்குலாப் போனார். எழுதியவரும் பாடியவரும் போன பிறகு, இருவரையும் பார்த்திராத பிள்ளையின் கைக்குப் பாட்டு வந்து சேர்ந்திருக்கிறது.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. வெண்மணி அந்த மாலைப் பள்ளியிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம். ஒவ்வொரு டிசம்பர் 25க்கும் அந்தப் பிள்ளை அம்மாவோடு அங்கே போயிருக்கிறாள். கூட்டம், கொடி, பஜ்ஜிக் கடை எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. 1968இல் அதே நாள் இரவில், கூலியை உயர்த்திக் கேட்டதற்காகவும் செங்கொடிச் சங்கத்தை விடமாட்டோம் என்று நின்றதற்காகவும், இராமையாவின் குடிசைக்குள் 44 பேர் வைத்து எரிக்கப்பட்டார்கள் என்பதும் தெரியும். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற தோரணையில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்ததையும் நாங்கள் பாடத்தில் சொல்லியிருக்கிறோம். ஆனால் அந்தப் பாட்டும் அந்த ஊரும் அவள் மனதில் ஒட்டவே இல்லை. பக்கத்து ஊரின் பாட்டு எங்கோ இருக்கும் கணினியைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தபோது, சொந்த ஊர்ப் பெயரை எங்கேயோ தொலைத்துவிட்டு வந்திருந்தது. தவறு அவளுடையதல்ல. பாட்டுப் பெயரும் படப் பெயரும் மட்டும் திரையில் தெரிந்தால், எந்தப் படம் என்றுதான் யாரும் கேட்பார்கள்.

பெயர் தொலைவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தஞ்சாவூர் என்றால் இசை என்பார்கள். திருவாரூரில் மும்மூர்த்திகள் பிறந்தார்கள், திருவையாற்றில் ஆண்டுதோறும் ஆராதனை, திருவாவடுதுறையில் ராஜரத்தினத்தின் நாகசுரம். அத்தனையும் உண்மை. அந்த இசையைக் கேட்க நேரமும் கொடுக்கப் பொருளும் எங்கிருந்து வந்தன என்ற கேள்வி மட்டும் சபாக்களில் எழுவதில்லை. காவிரித் தண்ணீரை நெல்லாக்கிய கைகள் பண்ணையாள்களின் கைகள். நெல்லில்தான் பாடகருக்கும் சம்பளம், பரதம் ஆடியவருக்கும் சம்பளம்.

1010இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயிலின் சுவரைப் பாருங்கள். தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அங்கே வெட்டப்பட்டிருக்கின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். அதே கோயிலுக்கு நெல் அனுப்பிய ஊர்களின் கணக்கும் அதே கல்லில் உண்டு. வரியில்லாத நிலம் என்று கழிக்கப்பட்டவற்றில் ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் வருகிறது. சில ஊர்களில் தீண்டாச்சேரி. பறைச்சேரியில் யார் இருந்தார்கள், யார் அடித்தார்கள் என்று ஒரு பெயர்கூட இல்லை. ஆடிய பெண்களுக்குக் கல்லில் பெயர் கிடைத்ததே என்று மகிழ்கிறோம், அவர்களும் ஒடுக்கப்பட்டவர்கள்தாம். நம்மவர்கள் நிலக்கணக்கில் ஒரு கழித்தல் குறி.

அதற்கு முந்தைய நூல்களில் இப்படி இல்லை. ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறையைக் கருப்பொருளில் வைத்தது தொல்காப்பியம். வயல்வெளியான மருதத்துக்கு 'நெல்லரிகிணை' என்று ஒரு பறையைச் சொல்கிறது பிற்கால நம்பியகப்பொருள். நெல் அறுக்கும்போது முழங்கும் பறை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனும் மதிப்புக்குரிய குடியாக வருகிறான். இந்தச் சான்றுகளை மேடைகளில் அடிக்கடி எடுத்துப் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சங்க காலத்துக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற காலத்தைத் தாண்டிக் குதித்துப் போய் அங்கே நின்றுகொள்வதில் எங்களுக்கு உடன்பாடில்லை. பெரியவரின் "நிறுத்து" அந்த நடுக்காலத்திலிருந்து வருகிறது.

நந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதனூர் நந்தன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தான், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான் என்கிறார் சேக்கிழார். கோயிலுக்குள் ஒலித்த தோல் சேரியிலிருந்து போனது, தோல் கொடுத்தவன் வெளியே நின்றான். 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் பக்கத்து நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையைக் கீர்த்தனைகளாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியரை, அதாவது நந்தனின் பண்ணைக்காரரை, அவர்தான் கொண்டுவந்தார். தன்னைச் சுற்றியிருந்த மிராசுதார்களைப் பார்த்துத்தானே அவர் அந்த வேதியரை வரைந்திருக்க முடியும்? கதாகாலட்சேபத்திலும் பின்னர் சினிமாவிலும் நந்தன் பாடிக்கொண்டே இருந்தான். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாக நடித்தார், 1942இல் ஜெமினி படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர். தேசிகர் நம் வட்டாரத்துத் திருச்செங்காட்டங்குடிக்காரர். அந்தப் பாட்டுகளை இன்று கைப்பேசியில் சொடுக்கிக் கேட்கலாம். உருக்கமான குரல், மறுக்கவில்லை. ஆனால் அந்த நந்தன் உத்தரவு கேட்டுக்கொண்டே இருப்பவன். அவன் கையில் பறை இருக்காது. நம் பிள்ளைகளுக்கு அவனைக் காட்டும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போது பெரியவரின் அதட்டலுக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் பறை என்ற பெயர் அதிகம் புழங்காது. தப்பு என்போம். வேம்பிலோ பலாவிலோ கட்டை, கன்றுத்தோல், கையில் ஒரு குட்டைக் குச்சி, ஒரு நீண்ட மூங்கில் சிம்பு. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்ச வேண்டும். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தப்படித்தல் எங்கள் தாத்தாக்களுக்குக் கலை அல்ல, ஊழியம். ஊரில் ஆதிக்கச் சாதி வீட்டில் சாவு விழுந்தால், நடு இரவானாலும் தன் வீட்டில் காய்ச்சலில் பிள்ளை கிடந்தாலும் போயாக வேண்டும். தெருவில் செருப்பில்லாமல், மேல்துண்டை இடுப்பில் கட்டி நின்று அடிக்க வேண்டும். கூலி கொஞ்சம் நெல், கொஞ்சம் கள், எறிந்து கொடுக்கும் சில்லறை. மாட்டேன் என்ற சொல்லுக்கு அங்கே இடம் கிடையாது. பண்ணையில் மாட்டேன் என்றவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்த காலம் அது. பி. சீனிவாசராவும் களப்பால் குப்புவும் அவர்களோடு நின்றவர்களும் தென்பரையில் தொடங்கிய சங்கம்தான் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தின் வழியே அந்தத் தண்டனைகளை ஒழித்தது. குப்பு 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சவுக்கு போயிற்று, தப்பு தோளிலேயே இருந்தது. கூலிக்காகச் சங்கம் நடத்திய வீரமான போராட்டங்களில் சாவுமேளம் ஒரு கோரிக்கையாகப் பெரிதாக எழவில்லை என்பதை நாம் சொல்லத்தான் வேண்டும். சொல்வதால் அந்தத் தியாகங்கள் குறைந்துவிடாது.

தப்பைக் கீழே வைத்தவர்கள் சேரி மக்கள்தாம், தாங்களாகவே வைத்தார்கள். பெயரைக் கீழே வைத்தது முந்தியது. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் 1922இல் அரசு ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. தோளில் இருந்த கருவியை இறக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில், தமிழ்நாட்டின் பல சேரிகளில் இளைஞர்கள் இனி அடிக்கமாட்டோம் என்றார்கள். அடிக்க மறுத்த இடங்களில் வேலை நிறுத்தம், கடையில் சாமான் மறுப்பு, அடிதடி, வழக்கு. அந்த மறுப்புக்கு ஒலிப்பதிவு கிடையாது. பறை அடித்ததைப் பதிவு செய்யலாம். அடிக்காமல் இருந்த இரவை எந்தக் கருவியில் பதிவு செய்வது? அந்த இரவும் நம் இசை வரலாற்றில் ஒரு பக்கம் என்பது எங்கள் கருத்து.

இதே காலத்தில் இன்னொரு பக்கம், பறையைக் கையில் எடு என்ற குரலும் எழுந்தது. 1990களில் மதுரையில் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழாக்கள், குணசேகரனின் மேடைகள், திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பறை எடுத்த பெண்கள் எல்லாரும் இழிவென்று திணிக்கப்பட்டதைப் போர்க்கருவியாக மாற்றினார்கள். விடு என்றவருக்கும் எடு என்றவருக்கும் நம் கூட்டங்களில் நடந்த சண்டைகளில் நாற்காலிகள் பறந்ததை இங்கே சிலர் நேரில் பார்த்திருக்கிறீர்கள். எடுத்தவர்கள் வென்றதாக இன்று தோன்றுகிறது. தஞ்சை ரெட்டிப்பாளையத்துத் தப்பாட்டக் குழுக்களுக்கு விழாக்களில் அழைப்பு இருக்கிறது. 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ. கல்லூரிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பறை கற்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் விட்டவர்கள் விட்டதால்தான் எடுத்தவர்கள் எடுக்க முடிந்தது. மறுக்க முடியாத நிலையில் அடித்தால் அது ஊழியம். மறுக்கும் உரிமை வந்த பிறகு அடித்தால்தான் அது கலை.

இந்தத் தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களுக்காக நாஷ்வில் நகரில் ஃபிஸ்க் என்ற கல்வி நிலையம் 1866இல் தொடங்கியது. அதற்குப் பணம் திரட்ட 1871இல் மாணவர்கள் ஒரு பாடகர் குழுவாகக் கிளம்பினார்கள். அவர்களில் எல்லா ஷெப்பர்ட் என்ற பெண், அடிமையாகவே பிறந்தவர், பின்னாளில் எழுதியிருக்கிறார்: அடிமைப் பாட்டுகளை முதலில் தாங்கள் வெளியில் பாடுவதே இல்லை, அவை அந்த இருண்ட காலத்தோடு ஒட்டியவை என்று. பெற்றோர் தனிமையில் பாடியவற்றை மெதுவாகத்தான் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அதே பாட்டுகள் பிறகு உலகத்தையே சுற்றின. திண்ணைப் பெரியவரை ஷெப்பர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்க நமக்கு வாய் வராது.

இனி 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வெளியான அந்தப் பாட்டு, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது. தெருக்குரல் அறிவு அதில் வைத்திருப்பது தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, வெறுங்கையோடு தமிழ்நாடு திரும்பிய பாட்டி. நிலமில்லாமல் கடல் கடந்துபோன கூலிகளின் கதை நம் டெல்டாவின் கதையும்தான். நாகப்பட்டினத் துறைமுகத்தில் மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் பினாங்கில் உறுமி அடிக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டு, ஒரு பாட்டியின் பெயரை உலகத்துக்குச் சொல்ல வந்த பாட்டு, அதை எழுதிப் பாடியவரின் முகத்தையே தொலைத்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அவருக்குத் தனியாக ஓர் இணைய அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு அரங்கேறியது. யாருக்கு எவ்வளவு பங்கு என்று இசையமைத்தவரும் பாடியவர்களும் வெளியிட்ட அறிக்கைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்தப் பஞ்சாயத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. பெயர் வைத்திருக்கிற, சமூக ஊடகத்தில் இலட்சம் பேர் பின்தொடர்கிற கலைஞருக்கே இந்தக் கதி என்றால், பெயரே பதியாத நடவுப் பெண்களின் கதி என்ன?

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் அந்தப் பாட்டு ஈட்டும் பணத்தில் பங்கை உறுதி செய்தது. பாடியவருக்கும் நிகழ்த்துநர் என்ற உரிமை உண்டு. நல்ல சட்டம். ஆனால் எழுதியவர் யார் என்று தெரிந்தால்தான் அது வேலை செய்யும். 'நாட்டுப்புறப் பாடல்' அல்லது 'மரபுப் பாடல்' என்று போட்டுவிட்டால், ஆக்கியவர் இடம் காலி. அதை மெருகேற்றிப் பதிவு செய்தவருக்கு உரிமை பிறந்துவிடும். யாருடைய மரபு, எந்த வயல், எந்தத் தெரு என்ற கேள்வியை அந்த ஒரு சொல் விழுங்கிவிடும். பெரிய கோயில் சுவரில் பறைச்சேரி கிடக்கிறதே, அது மாதிரி.

எதிர்மாறாகவும் ஒரு கதை உண்டு. 1959இல் மிசிசிப்பி மாநிலச் சிறை முகாம் ஒன்றில், கைதிகள் கூட்டாக மரம் வெட்டும்போது பாடிய பாட்டை ஆலன் லோமாக்ஸ் என்பவர் பதிவு செய்தார். முன்னின்று பாடியவர் ஜேம்ஸ் கார்ட்டர். நாற்பது ஆண்டுகள் கழித்து அது ஒரு ஹாலிவுட் படத்தில் இடம்பெற்று, இசைத்தொகுப்பு பல இலட்சம் விற்றது. அவரைத் தேடிப் புறப்பட்டவர்கள் சிகாகோவில் கண்டுபிடித்தார்கள். பாடியதையே மறந்திருந்த முதியவரிடம் 20,000 டாலர் காசோலையைக் கொடுத்தார்கள். சிறைக்கைதியின் பெயரை லோமாக்ஸ் குறித்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. லோமாக்ஸ் மேல் வேறு விமர்சனங்கள் நிறைய உண்டு. பெயர் எழுதினார், அதை எடுத்துக்கொள்வோம்.

நம் பக்கத்தில் நடவுப் பாட்டு வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, குறுவைக்கு நாற்றுப் பறித்து, இருபது முப்பது பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்ட காலத்தில் பாட்டு வேலையின் பகுதி. ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் வாங்குவார்கள், கடைசியில் குலவை. கை ஓயாமல் இருக்கவும் பாட்டு, கங்காணியை அவன் முன்னாலேயே நையாண்டி செய்யவும் பாட்டு. இப்போது நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன, தண்ணீர் வராத ஆண்டுகளில் நேரடி விதைப்பு. முதுகு ஒடியும் வேலை போவதற்கு நாங்கள் அழப்போவதில்லை. வேலையோடு கூலியும் போனதுதான் பிரச்சினை. பாட்டு மட்டும் எஞ்சி, அப்பாயிமாரின் தொண்டையில் இருக்கிறது. பேத்தி கைப்பேசியை நீட்டினால் பாடுகிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டே பாடுகிறார்கள். பேத்தி அதை முப்பது வினாடிக்கு வெட்டிப் போடுகிறாள், கங்காணியைத் திட்டும் அடி வெட்டுப்பட்டுப் போகிறது.

அந்தத் தை மாத மாலையில் பெரியவர் அதட்டியதும் பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டாள். பிறகு எழுந்துபோய்த் திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் தாத்தா வுட்டீங்க?" என்றாள். அவர் உடனே பேசவில்லை. வெற்றிலையை மென்று முடித்து, ஒரு பெரிய பண்ணையின் சாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆள் வந்து கூப்பிட்டது, ஏழு பேர் போகமாட்டோம் என்று கோயிலடியில் உட்கார்ந்துகொண்டது, மறுநாள் முதல் அறுப்புக்கு யாரையும் கூப்பிடாமல் விட்டது, ஒரு மாதம் கிழங்கு அவித்துத் தின்றது. ஏழு பேரின் பெயரையும் சொன்னார். அதில் ஒருவர் அந்தப் பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர். அவளுக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவரே, "அந்தப் பாட்டப் போடு, கேப்போம்" என்றார். கண்ணை மூடிக் கேட்டார். வலது கை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. நடுவில் நிறுத்தச் சொல்லி, இங்கே அடிக்கிற அடி எங்கள் பக்கத்து அடி இல்லை, சாவுக்கு அடிப்பது வேறு, சாமி சாட்டுவதற்கு அடிப்பது வேறு என்று இரண்டையும் திண்ணைப் பலகையில் விரலால் அடித்துக் காட்டினார். பிள்ளை பதிவு செய்துகொண்டாள். தேதி, ஊர், அவர் பெயர், அந்த ஏழு பேரின் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். சப்பரத்து அடியைத் தொடங்கும்போது கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை வருகிற வெள்ளிக்கிழமை அடித்துக் காட்டுவதாகச் சொன்னார்.